ஆளில்லாத அறையில் எரிந்த விளக்கு

அந்த வருஷம் சோள அறுவடை முடிந்த கையோடு, கண்காட்சித் திடலின் பன்றிக் கொட்டகைக்குள் ஒரு சிறையறை முளைத்தது. பிளைவுட் சுவர், பிளைவுட் கட்டில், சாக்கட்டியால் வரைந்த கழிப்பறை. மாவட்டத்துக்குக் கட்டப்போகும் புதுச் சிறைக்கு மாதிரியாக, மாநிலத் தலைநகரிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் கிரேடிதான் அதை நிறுத்தி வைத்திருந்தார். அசல் அறையின் அளவுக்கு ஒரு விரற்கடைகூடக் கூடவோ குறையவோ இல்லை. கட்டி முடித்த பிறகு கான்கிரீட்டை உடைப்பதைவிட இப்போதே பலகையை நகர்த்திவிடலாம் என்பது அவர் கணக்கு.

மாவட்டக் காவல்துறைத் தலைவரான ஷெரிஃப் டுவைட் உள்ளே போனார், கையை விரித்துப் பார்த்தார், "நல்லாத்தான் இருக்கு" என்று வெளியே வந்துவிட்டார். மற்ற காவலர்களும் அப்படியே. கடைசியாகப் போன ரோண்டா ஹூபர் மட்டும் வெளியே வரவில்லை. கிரேடி எட்டிப் பார்த்தபோது, ஐம்பது வயதுப் பெண்மணி, மாவட்டச் சிறையை நடத்தும் லெஃப்டினன்ட், சீருடையோடு தரையில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல. விழுந்தா எப்படி இருக்கும்னு பாக்கறேன். காவலரைக் கூப்பிடற அந்தப் பொத்தான் இங்கேருந்து எட்டல. அரை அடி கீழ இறக்குங்க."

கிரேடி பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். இருபது சிறைகள் கட்டியவர். விழுந்து கிடக்கிறவன் கைக்குப் பொத்தான் எட்டுமா என்று இதுவரை அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

ரோண்டாவுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பக்கத்து மாவட்டச் சிறைகள் பதினொன்றை அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். போன இடத்தில் எல்லாம் முதல் வேலையாகக் கழிப்பறையில் தண்ணீர் விடச் சொல்லி, அந்தச் சத்தம் எத்தனை அறை தாண்டிக் கேட்கிறது என்று காதைச் சுவரில் வைத்துப் பார்ப்பாள். கைப்பையில் எப்போதும் ஓர் அளவுநாடா. தங்கை மகள் கல்யாணத்தில் சர்ச் கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தவளை, தானிய லாரி ஓட்டும் அவள் கணவன் ஜீன் தோளைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தான். "பொண்ணு உள்ள வர்றா, கொஞ்சம் அந்தப் பக்கமும் பாரு" என்றான்.

அவள் சிறை வேலைக்கு வந்ததில் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. எண்பதுகளில் கடனில் நிலங்கள் ஏலம் போன காலத்தில் அவள் அப்பாவின் பண்ணையும் போயிற்று. சிறையில் வேலை செய்தால் மருத்துவக் காப்பீடு உண்டு என்றார்கள். இருபத்து மூன்று வயதில் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். இரண்டு வருஷம் பார்ப்போம் என்று வந்தவள் இருபத்தேழு வருஷமாக அங்கேயே இருக்கிறாள்.

இவ்வளவு காலம் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஜீனுக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த பழைய சிறை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக லைல் பெக்கர் என்ற முப்பத்தொரு வயது ஆள் உள்ளே இருந்தான். சர்க்கரை வியாதிக்காரன். அந்தச் சிறையில் காவலரைக் கூப்பிட ஒரே வழி, தகரக் குவளையால் கம்பியைத் தட்டுவது. லைல் காப்பிக்குத் தட்டுவான், சிகரெட்டுக்குத் தட்டுவான், மழை வருகிறதா என்று கேட்கவும் தட்டுவான். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டினான். ரோண்டா மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். இவனுக்கு வேற வேலையில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அவன் நினைவில்லாமல் கிடந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

விசாரணை வந்தது. அப்போதைய கிழட்டு ஷெரிஃப் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அந்தச் சுவர் ரெண்டடி கனம். யாருக்கும்மா கேக்கும்? உனக்கு ஒண்ணும் கேக்கல, அப்படித்தானே?" என்றார். ரோண்டா தலையை ஆட்டினாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு சின்னத் தலையாட்டல் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. லைலின் அண்ணன் நார்மன் பெக்கர் சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. பிற்பாடு மாவட்டக் குழுவுக்கு நின்று ஜெயித்து அதன் தலைவரானார். புதுச் சிறை கட்டச் சம்மதம் கேட்டு இரண்டு முறை ஓட்டெடுப்பு நடந்து இரண்டு முறையும் தோற்றது. களவாணிகளுக்கு மாளிகையா என்று ஊரே சிரித்தது. மூன்றாம் முறை நார்மன் தானே வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். "என் தம்பி கூப்பிட்டான். அந்தச் சுவர் யாருக்கும் கேக்க விடல. இன்னொருத்தன் தம்பிக்கு அப்படி ஆகக்கூடாது" என்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. அந்த முறை ஜெயித்தது. மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தச் சுவரின் கதை தெரியும். புதுச் சிறையின் அஸ்திவாரத்தில் கான்கிரீட்டுக்கு முன்னால் போய் இறங்கியது ரோண்டாவின் பொய்தான்.

வரைபடக் கூட்டங்களில் அவள் மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தாள். சுவரின் நிறம், சமையலறைத் தளம், எதிலும் பிடிவாதமில்லை. பொத்தான் விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

"எல்லா இடத்திலயும் பேசற கருவி வைக்கறோம்" என்றார் கிரேடி. "கைதி அழுத்துவான், காவலர் உக்காந்த இடத்திலேருந்தே என்ன வேணும்னு கேக்கலாம்."

"வேண்டாம். வெறும் விளக்கு போதும். கட்டுப்பாட்டு அறையில எரியணும். அங்க அதை அணைக்க முடியக்கூடாது. காவலர் எழுந்து நடந்து போய், அந்த அறைக் கதவுக்கு வெளிய இருக்கற பொத்தானை அமுக்கினாத்தான் அணையணும்."

கிரேடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல ரோண்டா. பழைய இடத்துல பிரச்சினை, சத்தம் கேக்காததுதானே? அப்போ பேசற கருவிதானே மருந்து? நீங்க கேட்கறது காதுக்கு இல்லையே. ஆளைக் கிளப்பறதுக்கு."

ரோண்டா அவசரமாக வரைபடத்தைப் புரட்டினாள். "மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியுது, அதைச் சொல்லுங்க" என்றாள். கிரேடி கெட்டிக்காரர். கேள்வியை மடித்து வைத்துக்கொண்டு, அவள் சொன்னபடியே வரைந்து கொடுத்தார்.

இரண்டு வருஷத்தில் நெடுஞ்சாலை ஓரமாகக் கட்டடம் எழுந்தது. தொழிற்சாலையில் அச்சில் வார்த்த அறைகள், கட்டிலும் கழிப்பறையும் ஏற்கனவே பொருத்தியபடி, லாரியில் வந்தன. கிரேன் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ரோண்டா தினமும் மத்தியானச் சாப்பாட்டை வண்டியிலேயே தின்றுகொண்டு அதை வேடிக்கை பார்த்தாள். பூட்டை ஒரே இடத்திலிருந்து எப்படித் திறக்கிறார்கள், ஒருவன் வேண்டுமென்றே குழாயை அடைத்தால் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று கொத்தனாரிலிருந்து மின்வேலைக்காரர் வரை எல்லோரையும் துளைத்து எடுத்தாள். அவளைக் கண்டால் சிலர் ஏணியின் மேல் படிக்குப் போய்விடுவார்கள்.

மாநில ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்றார். திறப்பு விழாவுக்கு வெள்ளிக்கிழமை குறித்தாயிற்று. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு ஒத்திகை. அசல் கைதிகளைக் கொண்டுவருவதற்கு முன்னால் ஊர்க்காரர்களை ஒரு நாள் உள்ளே பூட்டி வைத்து எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அறுபத்து நான்கு அறைக்கு அறுபது பேர் பெயர் கொடுத்தார்கள். சர்ச் பாடகர் குழு மொத்தமாக வந்தது.

கைதிகளைப் பதிவு செய்யும் மேசையிலேயே குழப்பம். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகிற பழக்கமில்லை. சிறையானாலும் அது புதுமனை அல்லவா? ஆளுக்கொரு தட்டில் சாக்லேட் வில்லைகள், உருளைக்கிழங்கு சாலட், ஒருத்தர் உப்பிட்டு வேகவைத்த முழுப் பன்றித்தொடை. சோதனை போட நின்ற காவலர் டெரிக் திணறிப் போனான்.

"இதை உள்ள கொண்டு போகக்கூடாதுங்க. கத்தியும் இருக்கு."

"கத்தி இல்லாம எப்படிப்பா வெட்டறது?"

கைதிகள் சமத்தாக உள்ளே போனார்கள். கதவு சாத்தியபோது நன்றி சொன்னார்கள். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது நன்றி சொன்னார்கள். உடம்பைத் தடவிச் சோதித்ததற்கும் ஒருவர் நன்றி சொன்னார். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை ரோண்டா கட்டுப்பாட்டு அறையில் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். விளக்கு மூன்றே முறைதான் எரிந்தது. மூன்று முறையும் சி பிரிவின் பதினேழாம் அறை, சி பதினேழு. அது காலியாக விட்டிருந்த நான்கு அறைகளில் ஒன்று. டெரிக் மூன்று முறையும் நடந்து போனான், வெறும் அறையைப் பார்த்தான், அணைத்துவிட்டு வந்தான்.

"புதுசு இல்லையா மேடம், தானா எரியுது போல" என்றான்.

"ஆமா. அதுக்கு வேற வேலையில்லை" என்றாள் ரோண்டா.

மாலையில் கருத்துப் படிவங்களைச் சேகரித்தார்கள். அறுபதிலும் ஒரே பாட்டு. நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. எல்லோரும் எவ்வளவு உழைத்திருக்கிறீர்கள். ஷெரிஃப் டுவைட் அதைப் படித்துப் படித்துப் பூரித்துப் போனார். ரோண்டா மட்டும் படிவங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபது பேர், ஏழு மணி நேரம், ஒரு குறைகூடவா இல்லை? பழைய சிறையில் இத்தனை பேர் இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் இருநூறு தடவை தட்டியிருப்பார்கள். இந்த ஊர் ஆட்கள் காலில் ஆணி குத்தினாலும் ஆணிக்கு வலிக்குமோ என்று கேட்கிற ஜாதி. இவர்களை வைத்துச் சிறையைச் சோதித்த புத்திசாலித்தனத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காப்பி வேளையில் ஒவ்வொருவராகப் பிடித்தாள். உங்களுக்கு என்ன குறை என்று கேட்டால் பதில் வராது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல, தெரியும். பக்கத்து அறைக்காரங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருந்திருக்குமோ?"

மடை திறந்தது. தனக்காகப் பேசத்தான் எங்களுக்கு வாய் வராது. பாவம் ஹெரால்டுக்குக் குளிர் தாங்கவில்லை. பாவம் டோரிஸுக்குக் குழாயில் வெந்நீராகவே வந்தது. ஹெரால்டைக் கேட்டால், குளிரா, எனக்கா, அதெல்லாம் இல்லை என்றார். சி எட்டில் இருந்த பாடகர் ஒருவர் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் தயங்கினார்.

"சி ஏழுல நம்ம பியானோ டீச்சர் இருந்தாங்க. மூச்சு கொஞ்சம் பலமா வாங்கற மாதிரி கேட்டது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

இமோஜீன் ஸ்டால் டீச்சருக்கு எழுபத்தாறு வயது. ரோண்டாவுக்கும் பாதி ஊருக்கும் பியானோ சொல்லிக்கொடுத்தவர். கேக் மேசைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நேத்து உள்ள உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"சேச்சே, ரொம்ப நல்லா இருந்தது. உங்க சூப்பு அருமை."

"டீச்சர்."

இமோஜீன் கத்தியைக் கீழே வைத்தார். "நெஞ்சுல லேசா ஒரு பிடிப்பு. ஏதோ வாயுவா இருக்கும்."

"பொத்தானை அமுக்கினீங்களா?"

"மூணு தடவ அமுக்கினேன். யாரும் வரல. எல்லாரும் வேலையா இருப்பீங்க, நாம வேற எதுக்குத் தொந்தரவுன்னு படுத்துட்டேன். அப்புறம் தானா சரியாயிடுச்சு. ஒருவேளை நான்தான் சரியா அமுக்கலையோ என்னவோ. விரல்ல பலம் இல்ல."

நாற்பது வருஷம் பியானோ வாசித்த விரல். ரோண்டா டீச்சரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரோண்டா வண்டியை நேராக நெடுஞ்சாலை ஓரத்துச் சிறைக்கு ஓட்டினாள். சி ஏழில் நுழைந்து தானே பொத்தானை அழுத்திவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிப் பார்த்தாள். திரையில் சி பதினேழு எரிந்துகொண்டிருந்தது.

அந்த நாற்காலியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கம்பியை யாரோ மாற்றிக் கோத்துவிட்டார்கள், அது ஒரு பக்கம். விளக்கு எரிந்தது. டெரிக் நடந்தான். அவள் கேட்டது எல்லாம் கேட்டபடியே நடந்தது. ஆனால் வேற வேலையில்லை என்று சொன்னது யார்? அதே வார்த்தை, ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, அவள் வாயிலிருந்தேதான் வந்தது. கிரேடியின் கேள்விக்கு அவளிடம் அன்றைக்கும் பதில் இருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாவட்டக் குழு கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று உறுப்பினர்கள், நடுவில் நார்மன் பெக்கர், முழங்கால்மேல் விதைக் கம்பெனித் தொப்பி. இந்தப் பக்கம் ஷெரிஃப், ரோண்டா, கிரேடி, ஒரு பத்திரிகைக்காரர், குளிருக்கு ஒதுங்கிய இரண்டு மூன்று பேர்.

"ஒரு கம்பி மாறிப்போச்சு" என்றார் ஷெரிஃப். "ரெண்டு நிமிஷ வேலை. நேத்தே மாத்தியாச்சு. வெள்ளிக்கிழமை திறந்துடலாம். அழைப்பெல்லாம் போயாச்சு."

"நாலு வாரம் தள்ளி வைக்கணும்" என்றாள் ரோண்டா.

"எதுக்கும்மா? கம்பிதான் சரியாயிடுச்சே."

"அறுபத்து நாலு அறையையும் திருப்பிச் சோதிக்கணும். இந்தத் தடவ சர்ச் ஆளுங்க வேண்டாம். முன்னாடி உள்ள இருந்தவங்களைக் கூப்பிடுவோம், அவங்க வாய் கூசாம குறை சொல்லுவாங்க. அப்புறம் எங்களுக்கும் பயிற்சி வேணும். எனக்கும்."

"உனக்கா? இந்த மாநிலத்துலயே உன்ன மாதிரி…"

"காலி அறையில விளக்கு எரிஞ்சுது. கோளாறுன்னு நான்தான் சொன்னேன். எல்லா அறையையும் போய்ப் பார்னு நான் சொல்லல."

ஷெரிஃப் சமாதானமாகச் சிரித்தார். "யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. பழைய கட்டடத்தோட ஒப்பிட்டுப் பாரு. அங்க ஒருத்தன் செத்தாலும் சுவர் கேக்க விடாது. இங்க விளக்காவது எரியுதே."

நார்மன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டு தலையை ஆட்டினார். சுவரைப் பற்றி யார் பேசினாலும் அவர் அப்படித்தான் தலையை ஆட்டுவார். இத்தனை வருஷமாக அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்து ரோண்டாவுக்குத் தூக்கம் போயிருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை திறப்பு விழா, பாராட்டு, இரண்டு வருஷத்தில் ஓய்வு. அவள் எழுந்து நின்றாள்.

"சுவர் மேல தப்பு இல்ல" என்றாள். "எனக்குக் கேட்டுது."

ஷெரிஃப்புக்குப் புரியவில்லை. நார்மனுக்குப் புரிந்தது. தொப்பியைத் தடவிய கை நின்றது.

"லைல் தட்டினது எனக்குக் கேட்டுது, நார்மன். நான் மேசையிலதான் இருந்தேன். வேற வேலையில்லைன்னு நெனச்சேன். போகல. கேக்கலைன்னு கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை விளக்கு எரிஞ்சப்பவும் அதையேதான் சொன்னேன். சுவரை மாத்திட்டீங்க. நான் மாறல. அதனாலதான் நாலு வாரம் கேக்கறேன்."

கிரேடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நார்மன் பேசியபோது குரல் கோபமாக இல்லை. அது ரோண்டாவை இன்னும் பயமுறுத்தியது.

"எத்தனை தடவ?"

"என்ன?"

"எத்தனை தடவ தட்டினான்?"

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மூணு மூணா, நாலு தடவ. கொஞ்சம் விட்டு, ஒண்ணு மட்டும் தனியா."

நார்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு ஏறி இறங்கியது. திரும்பாமலே, குறிப்பெடுக்கும் பெண்ணிடம் சொன்னார். "திறப்பு நாலு வாரம் தள்ளி. நான் முன்மொழியறேன், எழுதிக்கோ." மற்ற இருவரும் கையைத் தூக்கினார்கள்.

"ரோண்டா."

"சொல்லுங்க."

"கூட்டம் முடிஞ்சதும் போயிடாத. அவன் அன்னிக்கு என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், சிரிச்சானா, எல்லாம் நீ எனக்குச் சொல்லணும். பார்த்த ஆளு யாரும் இல்லைன்னே இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்."

ரோண்டா உட்கார்ந்தாள். அடுத்தாற்போல் கிழக்குச் சாலைக்குச் சரளை கொட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தது, அது முக்கால் மணி நேரம் நீண்டது. அவள் எழுந்து போகவில்லை.